16 வார ஆன்லைன் தீவிரப் பயிற்சி: கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான்: "கட்டபெட்டு பக்கம் ஒரு ஹட்டி (படுகர் ஊர்). பி.காம். முடித்துவிட்டு தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். 16 வாரத்தில் வெப் டெவலப்பர் ஆக்குகிறோம் என்று ஒரு ஆன்லைன் பயிற்சி. வேலையை விடாமல் முடிக்க முடியுமா? சேர்ந்தால் என்ன எதிர்பார்க்கலாம்?"

வேலையை வைத்துக்கொண்டு 16 வார முழுநேரப் பயிற்சியை முடிக்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சேர்க்கைப் பிரிவிலிருந்து போன் செய்பவர் "தாராளமா முடியும் சார்" என்றுதான் சொல்வார். நீங்கள் கணக்கு பார்க்கிறவர், கணக்காகவே பார்த்துவிடுவோம். முழுநேரப் பயிற்சி என்றால் வகுப்பு, வீட்டுப்பாடம், பிராஜெக்ட் எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 40 முதல் 50 மணி நேரம் கேட்கும். 16 வாரத்துக்கு 640 முதல் 800. நடுவில் 700 என்று வையுங்கள். ஃபேக்டரியில் சனிக்கிழமையும் வேலை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டு ஏழரைக்கு உட்கார்ந்தால் பத்தரை வரை மூன்று மணி நேரம், ஆறு நாளைக்கு 18. ஞாயிற்றுக்கிழமை ஒரு 7. ஆக 25. எழுநூறை இருபத்தைந்தால் வகுத்தால் 28 வாரம் வருகிறது. இலை வரத்து கூடும் மாதங்களில் உங்கள் ஆபீஸ் எத்தனை மணிக்கு மூடும் என்று எனக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் 25 என்பது 15 ஆகிவிடும். அதனால் 30, 32 வாரம் என்று மனதில் வைத்துக்கொண்டு, பகுதிநேர பேட்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

நான் குன்னூரில் இருந்துகொண்டு இந்த மாதிரிப் பயிற்சிகளில் மென்ட்டராக, அதாவது மாணவர்களுக்கு வழிகாட்டியாக, இருக்கிறேன். சேருகிறவர்கள் பெரும்பாலும் "என் மூளைக்கு இது ஏறுமா" என்றுதான் பயப்படுகிறார்கள். பாதியில் நிற்கிறவர்களில் அந்தக் காரணத்தால் நிற்பவர்கள் கொஞ்சம் பேர்தான், மற்றவர்கள் நிற்பது மூச்சுவிட இடைவெளி இல்லாததால். இந்தப் பயிற்சிகளில் பாடம் ஒன்றும் குறைவதில்லை. கல்லூரியில் பாடத்துக்கும் பாடத்துக்கும் நடுவே கிடக்கும் லீவு, ஸ்டடி ஹாலிடே, வாத்தியார் வராத நாள் இவைதான் எடுக்கப்படுகின்றன. திங்கட்கிழமை புரியாத விஷயத்தின் மேல்தான் புதன்கிழமை வகுப்பு நிற்கும். நம் நீலகிரி மலையிலோ தடங்கல் சொல்லாமலே வரும்: கரண்ட் போகும், ரோட்டில் மரம் விழும், ஊரில் ஒரு சாவு விழும். ஆகவே சேரும் முன் நீங்களாகச் சேர்த்து வைக்க வேண்டியது கொஞ்சம் உபரி: நேரத்தில், பணத்தில், முன்கூட்டியே கற்றதில்.

முதல் வாரம் பெரும்பாலும் மென்பொருள்களை நிறுவுவதிலேயே போகும். லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) இருந்தால் போதும். புதிதாக விலை உயர்ந்ததை வாங்க வேண்டாம். இரண்டாவது வாரம் எல்லாருக்கும் உற்சாகமாக இருக்கும், திரையில் ஏதாவது தெரிய ஆரம்பித்திருக்கும். மூன்று, நான்காவது வாரத்தில்தான் விஷயம் தெரியும்.

அந்த வாரங்களின் ஒரு இரவு எப்படி இருக்கும் என்று உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். இலை கொடுக்கிற விவசாயிகளின் கணக்கைக் காட்டும் ஒரு சின்னப் பக்கம் செய்யச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை எடை ஒரு கட்டத்தில், மாலை எடை இன்னொரு கட்டத்தில், கீழே மொத்தம். வகுப்பில் ஆசிரியர் இருபது நிமிடத்தில் செய்து காட்டிவிடுவார், எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். ராத்திரி நீங்கள் தனியாகச் செய்கிறீர்கள். காலையில் 12 கிலோ, மாலையில் 8 கிலோ போடுகிறீர்கள். மொத்தம் 128 கிலோ என்று வருகிறது. 20 வர வேண்டியது 128. சிவப்பில் பிழைச் செய்தி எதுவும் வராது. கணினியைப் பொறுத்தவரை எல்லாம் சரி. கூட்டல் குறியை மாற்றிப் பெருக்கல் போட்டுப் பார்த்தால் 96 என்று சரியாக வந்து, இன்னும் குழப்பும். காரணம் இதுதான்: கட்டத்தில் தட்டிய எண்ணை ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி எழுத்தாகத்தான் வாங்கிக்கொள்ளும். இரண்டு எழுத்துகளுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடும். பெருக்கல் குறிக்கு மட்டும் தானே எண்ணாக மாற்றிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க முதல் முறை ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகலாம், அதில் வெட்கம் எதுவும் இல்லை. உங்களுக்கு ஒரு அனுகூலம்: 128ஐப் பார்த்ததும் "இது நடக்கவே நடக்காதே" என்று கை நிற்கும். கணக்கு எழுதிப் பழகாத பலர் அந்த எண்ணை அப்படியே சமர்ப்பித்துவிடுவார்கள்.

இங்கேதான் சாட்ஜிபிடி விவகாரம் வருகிறது. அந்த நிரலை ஒட்டிக் கேட்டால் ஒரு நொடியில் திருத்தித் தரும். வீட்டுப்பாடம் முடிந்துவிடும், மதிப்பெண்ணும் வரும். பத்தாவது வாரத்தில் சொந்த பிராஜெக்ட் செய்யும்போது இதே பிழை வேறு முகத்தோடு வரும், அப்போது தவறு எங்கே என்று கேட்கக்கூடத் தெரியாது. பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், வேலையிடத்தில் எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். முதலில் அரை மணி நேரம் நீங்களாகவே மோதிப் பாருங்கள். அப்புறம் அதனிடம் காரணத்தைக் கேளுங்கள். திருத்தத்தைக் கையால் நீங்களே தட்டுங்கள்.

மென்ட்டரிடம் கேள்வி கேட்பது தனிக் கலை. "சார், வேலை செய்யல" என்று ஒரு வரி அனுப்பினால் பதில் வர நேரமாகும், வந்தாலும் உதவாது. என்ன வர வேண்டும், என்ன வந்தது, இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள் என்று மூன்று வரி எழுதினால் பாதி நேரம் எழுதும்போதே விடை தெரிந்துவிடும். நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தயக்கம் உண்டு, ஆங்கிலம் தப்பாகிவிடுமோ என்று. எனக்குத் தெரிந்து எந்த மென்ட்டரும் அந்த இலக்கணத்தைப் பார்ப்பதில்லை. அமைதியாக இருப்பவர்களைத்தான் கடைசிவரை யாரும் கவனிப்பதில்லை.

வகுப்பு தவறினால் ரெக்கார்டிங் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். இது பெரிய பொறி. மூன்று மணி நேர ரெக்கார்டிங்கைப் பார்க்க நான்கு மணி நேரம் ஆகும், அதற்குள் அன்றைய வகுப்பும் ரெக்கார்டிங் ஆகிவிடும். என் யோசனை: விட்டுப்போனதை முதலில் பார்க்காதீர்கள். இன்றைய வகுப்பில் பாதி புரியாவிட்டாலும் உட்காருங்கள். விட்டுப்போன வகுப்பின் பயிற்சிக் கணக்கை மட்டும் செய்து பாருங்கள். எங்கே சிக்குகிறதோ அந்த இடத்தை மட்டும் ரெக்கார்டிங்கில் தேடுங்கள்.

வேகமாகக் கற்பது வேகமாகவே மறக்கும். ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்ற உளவியலாளர் 1885லேயே தன் நினைவைத் தானே சோதித்து, மறதி முதல் மணி நேரங்களில்தான் மிக வேகம் என்று காட்டிவிட்டார். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களை ஒரு பகுதியைப் படிக்க வைத்தார்கள். சிலர் மறுபடி படித்தார்கள், சிலர் மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்தவர்களே மேல். ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். பயிற்சி நடத்துபவர்கள் திரும்பிப் பார்க்க நேரம் ஒதுக்கித் தர மாட்டார்கள். அதனால் காலையில் ஃபேக்டரிக்குக் கிளம்பும் முன் ஒரு பத்து நிமிடம், நேற்று ராத்திரி எழுதிய நிரலை ஒரு தாளில் பேனாவால் நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள்.

இனி மலைச் சமாசாரம். சமவெளியில் இருப்பவர்கள் எழுதும் அறிவுரைகளில் இது இருக்காது.

மொபைல் டேட்டாவை மட்டும் நம்பிச் சேராதீர்கள். வீடியோ வகுப்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி தின்னும். ஒரு நாளைக்கு 2 ஜிபி என்ற திட்டம் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். போதாக்குறைக்கு ஏப்ரல், மே சீசனில் ஊட்டி, குன்னூரில் சனி ஞாயிறு கூட்டம் கூடினால் டவர் திணறும். வீட்டுக்கு ஃபைபர் வருமா என்று முதலில் பாருங்கள். பிஎஸ்என்எல் ஆனாலும் உள்ளூர் கேபிள்காரர் ஆனாலும் சரி. அதற்குத் துணையாக வேறொரு கம்பெனியின் சிம் ஒன்று. இரண்டும் ஒரே கம்பெனியாக இருந்தால் பிரயோசனம் இல்லை. நெட் மெலிந்தால் உங்கள் கேமராவை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டால் டேட்டா குறையும். கேமரா கட்டாயம் என்று சொல்லும் பயிற்சிகள் உண்டு, அதை முன்பே கேட்டு வையுங்கள்.

கரண்ட் இன்னொரு தலைவலி. மாதாந்திரப் பராமரிப்பு என்று ஈபி காலையில் நிறுத்துவது பேப்பரில் வந்துவிடும், அது பகலோடு போய்விடும். காற்றடித்து கற்பூர மரமோ சீகை மரமோ கம்பி மேல் விழுந்தால்தான் கஷ்டம். ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யூபிஎஸ் கிடைக்கிறது, அதை முதலில் வாங்குங்கள். ரவுட்டர் பத்துப் பதினைந்து வாட்தான் இழுக்கும், இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். லேப்டாப்பில் அதன் சொந்த பேட்டரி இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் ஒரு மாலை வகுப்பைக் கடத்திவிடலாம், பெரிய இன்வெர்ட்டர் தேவையில்லை. நீண்ட நேரம் போனால் டவர் பேட்டரியும் தீர்ந்துவிடும். அப்போது கோத்தகிரி டவுனில் உட்கார இடம் கொடுக்கும் ஒரு உறவினர் வீடு வேண்டும். அதை மழைக்கு முன்பே பேசி வையுங்கள்.

எந்த மாதத்தில் தொடங்குவது என்பதற்கு யாரும் முக்கியத்துவம் கொடுப்பதில்லை. நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. 2009 நவம்பரில் நம் பக்கம் சரிந்த மண்ணில் 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள், ரோடும் கரண்டும் திரும்பி வரப் பல நாள் ஆயிற்று. ஒவ்வொரு வருடமும் அப்படி நடக்காது. ஆனாலும் முக்கியமான பிராஜெக்ட் வாரங்களை நவம்பரில் கொண்டுபோய் வைப்பானேன்? கட்டபெட்டுக்கு ஜனவரித் தொடக்கம் நல்லது. குளிர் வாட்டும், விரல் விறைக்கும், ஆனால் வானம் தெளிவாக இருக்கும்.

ஜனவரித் தொடக்கம் என்றால் படுகர்களின் ஹெத்தை அம்மன் திருவிழாவோடு மோதாத தேதியாகப் பாருங்கள். வெளிநாட்டுப் பயிற்சிகள் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் மூடுவார்கள், நம் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் டெட்லைன் நிற்காது. ஊரில் ஒரு சாவு என்றால் போகாமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. அதனால் எத்தனை நாள் வராமல் இருக்கலாம், தாமதமான வீட்டுப்பாடத்தை ஏற்பார்களா, ஒரு பேட்சிலிருந்து அடுத்ததற்கு மாற விடுவார்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். நான் எந்தப் பயிற்சியையும் எடைபோடுவது இந்த பேட்ச் மாற்றும் விதியை வைத்துத்தான். அமெரிக்கப் பயிற்சி என்றால் இன்னொன்றும் உண்டு. நியூயார்க்கில் காலை 9 மணி வகுப்பு நமக்கு மாலை 6.30. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள், அன்றிலிருந்து அதே வகுப்பு 7.30க்கு. மார்ச் இரண்டாவது ஞாயிறு மறுபடி பழையபடி ஆகும்.

வீட்டாரிடம் பேசுவதும் இதில் சேர்த்தி. லேப்டாப் முன் உட்கார்ந்திருப்பவர் சும்மா இருப்பதாகத்தான் நம் வீடுகளில் நினைப்பார்கள். கேஸ் சிலிண்டர் தூக்கக் கூப்பிடுவார்கள், விருந்தாளி வந்தால் வந்து பேசச் சொல்வார்கள். ஏழரைக்கு மேல் கூப்பிடக் கூடாது என்று அம்மாவிடம் முன்பே சொல்லி, அதற்குப் பதிலாக ஞாயிறு காலை வீட்டு வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டால் சண்டை வராது.

பணம். விளம்பரத்தில் உள்ள கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டா, அதற்குள் அடங்கியதா என்று கேளுங்கள். அப்புறம் 'வட்டியில்லா மாதத் தவணை' என்பார்கள். பெரும்பாலும் அது பயிற்சி நிறுவனம் தரும் தவணை கிடையாது, ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடன். முழுத் தொகையும் பயிற்சி நிறுவனத்துக்கு முதல் நாளே போய்விடும். நீங்கள் ஆறாவது வாரத்தில் நின்றாலும், நிறுவனமே மூடிவிட்டாலும், உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தவணை எடுபட்டுக்கொண்டே இருக்கும், கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் (கடன் நாணய மதிப்பெண்) அடிபடும். டிஜிட்டல் கடன்களுக்காக ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிகளின்படி, மொத்தச் செலவைச் சொல்லும் ஒரு விவரத் தாளை முன்கூட்டியே தர வேண்டும். அபராதம் இல்லாமல் கடனிலிருந்து விலகிக்கொள்ளக் குறைந்தபட்ச அவகாசமும் தர வேண்டும். அந்தத் தாளைக் கேட்டு வாங்காமல் ஓடிபி சொல்லாதீர்கள். போனில் "இன்னைக்கு ராத்திரி 12 மணியோட ஆஃபர் முடியுது" என்றால் முடியட்டும், அடுத்த வாரமும் அதே ஆஃபர் வரும். கட்டணம் திரும்பத் தரும் காலம் பணம் கட்டிய நாளிலிருந்தா, வகுப்பு தொடங்கிய நாளிலிருந்தா என்று பாருங்கள். பணம் கட்டி மூன்று வாரம் கழித்து வகுப்பு தொடங்கும் இடங்களில் 15 நாள் கெடு என்பது ஒன்றுமே இல்லை. தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

"வேலை கிடைத்த பின் கட்டுங்கள்" என்பதையும் நிதானமாகப் படியுங்கள். அமெரிக்காவில் இந்த முறையால் புகழ்பெற்ற புளூம்டெக் என்ற பயிற்சி நிறுவனத்தின் மீது அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 ஏப்ரலில் நடவடிக்கை எடுத்தது. 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை என்று விளம்பரம் செய்தார்கள், உள்ளே இருந்த கணக்கோ 50 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஆகவே யாராவது 90 சதவீதம் என்றால், எதில் 90 என்று கேளுங்கள். சேர்ந்தவர்களிலா, முடித்தவர்களிலா, 'தகுதி பெற்றவர்கள்' என்று அவர்களே பிரித்தெடுத்தவர்களிலா? மூன்று மாத இன்டர்ன்ஷிப்பும், அதே நிறுவனத்தில் உதவி மென்ட்டராக இருப்பதும் அந்தக் கணக்கில் சேருகிறதா? சான்றிதழைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது டிகிரி கிடையாது, உங்களிடம் டிகிரி இருக்கிறது, அது போதும். புதிதாக நுழைபவருக்கு வீட்டிலிருந்தே வேலை என்பது இப்போது அரிது, கோயம்புத்தூரில் அறை எடுத்துத் தங்க வேண்டியிருக்கும் என்று கணக்கில் வையுங்கள். தேடும் காலம் ஆறு மாதம் ஆனாலும் வியப்பில்லை. ஃபேக்டரி வேலையை விட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பணம் கட்டும் முன் ஒரு மாதம் ஒத்திகை பாருங்கள். நிரல் எழுதக் கற்றுத்தரும் ஃப்ரீகோட்கேம்ப் இணையதளம் இலவசம், அதன் ஒரு சான்றிதழுக்குச் சுமார் 300 மணி நேரம் ஆகும் என்று அவர்களே சொல்லி வந்திருக்கிறார்கள். நாளைய கால அட்டவணையை இன்றே பின்பற்றுங்கள்: ஏழரை முதல் பத்தரை, ஞாயிறு ஏழு மணி நேரம், நான்கு வாரம். ஒரு நோட்டில் எத்தனை மணி நேரம் நிஜமாக உட்கார்ந்தீர்கள் என்று எழுதுங்கள். நூறு வர வேண்டிய இடத்தில் எழுபது வந்தால் பரவாயில்லை, 30 வாரத்தை 43 ஆக்கிக்கொண்டு அதற்கேற்ற பேட்ச் தேடலாம். நாற்பது வந்தால் இந்த வருடம் வேண்டாம். இலவசத்தில் நிலைப்பது கடினம் என்பது உண்மைதான். ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய இலவசப் படிப்புகளில் 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். ஆனாலும் உங்கள் நோக்கம் அதை முடிப்பதல்லவே, அந்த நான்கு வாரத்தின் கணக்கு மட்டும் போதும். இந்த ஒரு மாதத்தில் கற்றது வீணாகவும் போகாது: பயிற்சியின் முதல் மூன்று வாரப் பாடம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும். கரண்ட் போய் நான்கு நாள் போனாலும் அப்போது மூச்சு வாங்காது.

ஒத்திகை சரியாக வந்தால் முதலாளியிடம் பேசுங்கள். கடைசி மூன்று வாரம் குழு பிராஜெக்ட் இருக்கும், அதில் மற்றவர்கள் உங்களுக்காகக் காத்திருப்பார்கள், ராத்திரி மூன்று மணி நேரம் போதாது. லீவைச் சேர்த்து வைத்து அந்த வாரங்களில் எடுங்கள். இலை வரத்து குறைந்த மாதத்தில் அந்த மூன்று வாரம் விழும்படி பின்னாலிருந்து எண்ணித் தொடக்கத் தேதியைப் பிடியுங்கள். எந்த மாதம் என்பதற்கு என்னைக் கேட்க வேண்டாம், கடந்த ஐந்து வருட வரத்துப் பதிவேடு உங்கள் மேசையிலேயே இருக்கும்.